இரட்டை நாயனமும் இரட்டைக் கிட்டாரும்

கோயில் கொடை நடக்கும் இரவில் வயலுக்கு அப்பாலிருந்து நையாண்டி மேளம் காற்றில் மிதந்து வரும்போது, அங்கே வாசிக்கப்படுவது ஒற்றை நாயனமா இரட்டை நாயனமா என்பதை எங்கள் இலஞ்சிப் பக்கத்துச் சிறு பிள்ளைகள்கூடத் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். ஒற்றை நாயனம் எவ்வளவு உரத்து ஒலித்தாலும் கம்பி இழுத்தாற்போல் ஒரே கோடாக வரும். இரட்டை நாயனமோ, வாசிக்கிறவர்கள் சற்று அடக்கியே ஊதினாலும், அகலமும் கனமும் உடையதாய், வயலையும் தெருவையும் ஒருங்கே நிறைப்பதாய் வந்து சேரும். இந்த வேற்றுமையைக் காதால் அனுபவித்தோமே அன்றி, அதன் காரணத்தை விசாரிக்க வேண்டிய அவசியம் நமக்கு நேர்ந்ததில்லை. வீட்டின் ஓர் அறையிலேயே பாட்டைப் பதிவு செய்யும் வசதி சாமானியர்களுக்கும் கிட்டிவிட்ட இக்காலத்தில் அந்த அவசியம் வந்துவிட்டது.

ஒரு கிட்டார், ஒரு மடிக்கணினி, இரண்டு கேபிள் செருகும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், ஒரு ஹெட்போன்: இவ்வளவையும் வைத்துக்கொண்டு தென்காசியிலும் குற்றாலத்திலும் எங்கள் ஊரிலும் பாட்டமைக்கும் இளைஞர்களிடம் பேசிப் பார்த்தால், ஏறத்தாழ எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்லுகிறார்கள். மடியில் வைத்து வாசிக்கும்போது அறையே அதிரும்படி கேட்ட கிட்டார், பதிவில் கேட்கும்போது மெலிந்து, ஏதோ ஓர் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது என்பது அந்தக் குறை. அதற்குப் பரிகாரமாக இத்துறையில் பழகியவர்கள் சொல்லுவது டபுள் டிராக்கிங் என்னும் இரட்டைப் பதிவு. ஒரே வாசிப்பை ஒரே கலைஞர் முதலில் ஒரு டிராக்கிலும், பிறகு அதைக் கேட்டுக்கொண்டே மறுபடி முழுவதும் வாசித்து இன்னொரு டிராக்கிலும் பதிந்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வைப்பது என்று அதைச் சுருக்கமாகக் கூறலாம். இம்முறை எங்கே பிறந்தது, எதனால் பலிக்கிறது, இதற்குப் பதிலாகக் கூறப்படும் குறுக்குவழிகள் எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் இதைக் கையாளாமல் விடுவது நல்லது என்பவற்றை இங்கே பரிசீலிக்க எண்ணுகிறேன்.

இதன் சரித்திரம் ஒரு வீட்டிலேயே தொடங்குகிறது என்பது நம் விஷயத்துக்கு மிகப் பொருத்தம். அமெரிக்கக் கிட்டார்க் கலைஞர் லெஸ் பால், ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார்க் கொட்டகையில், டேப் கைக்கு வருமுன்பே, அசிடேட் தட்டுகளை வைத்துக்கொண்டு இப்பரீட்சையைச் செய்தார். ஒரு தட்டில் வாசித்ததை ஓடவிட்டு, அதனுடன் சேர்ந்து மறுபடி வாசித்து, இரண்டையும் இன்னொரு தட்டில் பதிவது. அத்தட்டை ஓடவிட்டு மூன்றாவது முறை வாசிப்பது. இப்படியே எட்டுக் கிட்டார்களை ஒருவராகவே அடுக்கி, 1948 இல் ஓர் இசைத்தட்டை அவர் வெளியிட்டார். எட்டாவது அடுக்கில் ஒரு தவறு நேர்ந்தால், திருத்துவதற்கு வழியின்றி, அந்த அடுக்கை அடியிலிருந்து மறுபடி வாசித்தாக வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த உழைப்பின் அளவு விளங்கும். அடுத்த ஆண்டு பிங் கிராஸ்பி என்ற பாடகர் அவருக்கு ஓர் ஆம்பெக்ஸ் டேப் இயந்திரத்தை அன்பளிப்பாகத் தந்தார். 1957 இல் அதே கம்பெனி எட்டு டிராக் இயந்திரத்தைச் செய்து அவரிடம் சேர்ப்பித்தது. ஒரு தனி மனிதரின் பிடிவாதம் ஒரு தொழிலுக்கே சாதனம் படைத்துக் கொடுத்த கதை இது. 1979 இல் டாஸ்காம் கம்பெனியின் போர்ட்டாஸ்டூடியோ என்ற நாலு டிராக் கேசட் இயந்திரம் வந்தபோதுதான் சாமானியன் வீட்டிலும் அடுக்கிப் பதிவது சாத்தியமாயிற்று.

நம் நாட்டில் இதன் பாதை வேறாக அமைந்தது. பழைய சென்னை ஸ்டூடியோக்களில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் கூடி ஒரே மூச்சில் பதிவு செய்ததனால், கனம் வேண்டுமென்றால் வயலின்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்களே அன்றி, ஒருவரையே இரண்டு முறை வாசிக்கச் சொல்லவில்லை. பத்து வயலின் ஒரே ஸ்வரத்தை இழுக்கும்போது உண்டாகும் அந்தத் தழைப்பும் நம் இரட்டை நாயனத்தின் கனமும் இனத்தால் ஒன்றே. 1978 இல் வெளிவந்த ‘சிட்டுக்குருவி’ படத்தின் ஒரு பாட்டில், இளையராஜா, எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலையும் பி. சுசீலாவின் குரலையும் தனித்தனியே பதிந்து, அவரவர் குரலுக்கே எதிர்க்குரலாக அமைத்தார். அங்கே இரண்டாம் குரல் வேறு மெட்டைப் பாடுகிறதாகையால் அதை நாம் பேசும் இரட்டைப் பதிவு என்று சொல்ல முடியாது. எனினும், ஒரே மனிதர் தம்மோடு தாமே சேர்ந்து பாடும் விந்தையைத் தமிழ்க் காதுகள் பழகிக்கொண்டதில் அப்பாட்டுக்குப் பங்கு உண்டு. 1989 இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். வீட்டோடு சேர்ந்த ஓர் அறையிலிருந்து நாடு முழுவதும் கேட்கும் இசை வெளிவரலாம் என்ற நம்பிக்கை அதற்குப் பின்வந்த தலைமுறைக்கு அங்கிருந்தே கிடைத்தது.

இனி, இது எதனால் பலிக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் பலரும் வழி தவறுகிறார்கள், நானும் தவறியிருக்கிறேன்.

சென்ற ஆடியில், இலஞ்சிக் குமாரர் பேரில் நாங்களே இயற்றிய ஒரு பாட்டுக்கு என் தங்கை மகன் கிட்டார் வாசித்தான். வெளியே சாரல், ஓட்டின் மேல் விழும் தூறலின் சத்தம் மைக்கில் ஏறாமலிருக்க ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டிருந்தோம். முதல் டேக் நன்றாகவே அமைந்தது. "இன்னொரு தடவை வாசி" என்றேன். "எதுக்கு மாமா? இதையே காப்பி பண்ணி அந்தப் பக்கம் போட்டாப் போதும்லா?" என்றான். போட்டுக் கேட்டோம். ஒலி உரத்ததே தவிர அகலவில்லை. இரு காதிலும் ஒரே ஒலி ஒரே கணத்தில் வந்தமையால், கிட்டார் நேரே தலைக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. "அப்ப ஒண்ணைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்" என்று நகலைப் பத்து மில்லி செகண்டு பின்னுக்கு நகர்த்தினான். ஹெட்போனில் அது பிரமாதமாக விரிந்தது. அவன் முகத்தில் வெற்றி தெரிந்தது. எனக்குமே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தோன்றிவிட்டது. பிறகு அதே பாட்டை, ஒரே ஒலிபெருக்கி உள்ள ஒரு பழைய கைப்பேசியில் போட்டுக் கேட்டோம். கிட்டார், தகர டப்பாவுக்குள் வைத்து வாசித்தது போல் உள்ளீடற்றுப் போயிருந்தது.

காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கையில் ஆச்சரியமான ஒரு விஷயம் வெளிப்பட்டது. ஓர் ஒலியும், பத்து மில்லி செகண்டு பிந்திய அதன் நகலும் ஒரே ஒலிபெருக்கியில் கலக்கும்போது, 50, 150, 250, 350 ஹெர்ட்ஸ் என்று நூறு நூறு இடைவெளியில் உள்ள அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 100, 200, 300, 400 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் ஒன்றையொன்று வளர்க்கும். சீப்பின் பற்களைப் போல மேடும் பள்ளமுமாக அமைவதால் இதற்குச் சீப்பு வடிகட்டல் என்று பெயர். அவன் வாசித்ததோ ஜி மேஜர் கார்டு. அதில் உள்ள ஜி ஸ்வரங்கள் 98, 196, 392 ஹெர்ட்ஸில் ஒலிப்பவை. அவை மேடுகளின் மேல் ஏறிக்கொண்டன. வெற்றுத் தந்தியில் ஒலிக்கும் டி 147 ஹெர்ட்ஸ்; பி 247 ஹெர்ட்ஸ். இவ்விரண்டும் பள்ளத்தில் விழுந்தன. நம் பாஷையில் சொன்னால், ஷட்ஜம் தடித்து நிற்க, பஞ்சமமும் காந்தாரமும் அடிநாதத்தை இழந்து வெறும் நிழலாயின. கார்டு என்ற கட்டிடத்தில் ஒரு தூண் மட்டும் நின்று, மற்றவை பாதி அரிக்கப்பட்ட கதை அது.

இதைச் சொல்லுகிறபோது, நகலைத் தள்ளிவைக்கும் முறைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆராய்ச்சியையும் குறிப்பிடுவதே நியாயம். 1949 இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர், ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சிறிது நேர வித்தியாசத்தில் வந்தால், அவ்வித்தியாசம் ஏறத்தாழ முப்பது மில்லி செகண்டுக்கு உட்பட்டிருக்கும் வரை, காது அவற்றை இரண்டாகப் பிரிக்காமல் முதலில் வந்த திசையிலேயே ஒன்றாக உணரும் என்று நிலைநாட்டினார். காற்றில் ஒலி பத்து மில்லி செகண்டில் சுமார் 3.4 மீட்டர் செல்லும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், நாம் வாழும் ஒவ்வோர் அறையிலும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைக் காது இப்படித்தான் சமாளிக்கிறது என்பது தெரியும். ஹாஸ் கூறியது முற்றிலும் உண்மை. ஆனால் அது இரண்டு தனி இடங்களிலிருந்து வரும் ஒலியைப் பற்றிய உண்மை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துக் கேட்கும் நம் வீதிக் கடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் அது பொருந்தாது. அன்றியும், முதலில் வந்த பக்கமே காதை இழுப்பதால், ஹெட்போனிலும் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

பிறகு அவனையே மறுமுறை வாசிக்கவைத்துப் பதிந்தோம். அதில் இந்தக் கேடு நேராததற்குக் காரணம், மனிதக் கை தன்னைத்தானே நகலெடுக்க அறியாது என்பதே. ஒரு கீழ்வீச்சில் ஆறு தந்திகளையும் பிக் தொடுகிற வரிசையும் வேகமும் வீச்சுக்கு வீச்சு மாறும். விரல் அழுத்தம் மாறும்போது சுருதியும் மயிரிழை மாறும். ஒரு வீச்சு ஐந்து மில்லி செகண்டு முந்தினால் அடுத்தது எட்டு மில்லி செகண்டு பிந்தும். ஆகவே மேடும் பள்ளமும் ஓரிடத்தில் நிலைக்காமல் கணந்தோறும் இடம் பெயர்கின்றன. எந்த ஸ்வரமும் நிரந்தரமாக அழிவதில்லை. காது அந்த ஓயாத அசைவையே அகலமாக உணருகிறது. அளவைப் பார்த்தாலும் இது விளங்கும். ஒரே ஒலியின் இரு நகல்கள் சேர்ந்தால் 6 டெசிபல் ஏறும். இரண்டு வெவ்வேறு வாசிப்புகள் சேர்ந்தால் சராசரியாக 3 டெசிபல்தான் ஏறும். உரப்பில் குறைந்ததே காதுக்குப் பெரிதாகப் படுகிறது. குற்றாலத்து ஐந்தருவிக்கு எதிரே நின்றவர்களுக்கு இது புதிதாய் இராது: ஐந்து கிளைகளும் வெவ்வேறாக விழுந்து பரந்து வரும் அந்த ஓசை, பேரருவியைவிட உரப்பில் தணிந்ததுதான், ஆனால் அது நம்மைச் சுற்றி வளைத்துக்கொள்ளும் தன்மையே வேறு.

இந்தச் சூட்சுமம் வாத்தியம் செய்தவர்களுக்கு வெகு காலமாகவே தெரியும். தம்புராவின் நடுத்தந்திகளான சாரணியும் அனுசாரணியும் ஒரே ஷட்ஜத்தில் சுருதி சேர்க்கப்படுபவை. பியானோவில் பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மும்மூன்று தந்திகள் உண்டு. பன்னிரண்டு தந்திக் கிட்டாரும் இதே வகை. 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஒரு தந்தியின் துணையை 441 இல் வைத்தால் வினாடிக்கு ஓர் அலை எழும். அந்த அலையே தந்திக்கு உயிர்ப்பைத் தருகிறது.

ஆனால் இவையெல்லாவற்றிலும் நெருங்கிய உவமை எங்கள் நாயனமே. ஒவ்வொரு நாயனமும் தனித் தனி மரம். ஒவ்வொருவர் சீவாளியும் தனித் தனி. ஒருவர் மூச்சு மற்றவர் மூச்சன்று. இருந்தும் கீர்த்தனையை எடுத்துவிட்டால் இருவரும் ஒரே பிடியில் செல்ல வேண்டும். திருவீழிமிழலைச் சகோதரர்களின் கீர்த்தியே இந்த ஒருமையினால் வந்ததுதான். 1968 இல் வெளியான ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்திலும் திரையில் அமர்ந்தவர்கள் இருவர், உண்மையில் வாசித்த மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமியும் இருவர். அந்த ஒலியை ஒற்றை நாயனத்தில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. திருநெல்வேலி ஜில்லாவில் பிறந்த காருகுறிச்சி அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராகச் சேர்ந்து, அவர் பக்கத்தில் இருந்து இரண்டாம் நாயனம் வாசித்தவர். குரு ராக ஆலாபனையில் உலவும்போது அடங்கியிருந்து, பல்லவி எடுத்ததும் நிழல்போல் சேர்ந்துகொள்ளும் அந்த வித்தை, இன்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு தன் முதல் டேக்கைத் தானே பின்தொடரும் பையனுக்கு வேண்டிய அதே வித்தை. அவன் தனக்குத்தானே இரண்டாம் நாயனக்காரனாக வேண்டியிருக்கிறது.

அப்படிப் பின்தொடர்வதில் பழகவேண்டிய விஷயங்கள் சில உண்டு. முதலாவது, தொடக்கமும் முடிவும். நடுவில் உண்டாகும் சிறு வேற்றுமை அழகாகும். ஆனால் ஒரு கார்டு தொடங்கும் இடத்தில் நாற்பது மில்லி செகண்டு பிசகினால் இரண்டு பேர் தடுமாறுவது போல் கேட்கும், கையால் அமுக்கி நிறுத்தும் இடத்தில் பிசகினாலோ அதைவிட மோசம். என் தங்கை மகன் தாளக் கிளிக்கை மட்டும் கேட்டு வாசித்தபோது சேராத வாசிப்பு, கிளிக்கைத் தணித்து முதல் டேக்கை உயர்த்தி வைத்தபோது மூன்றாம் முயற்சியில் சேர்ந்தது. இரண்டாவது, சுருதி. சாரல் காலத்து ஈரத்தில் மரம் உப்பி, ஒரு பாட்டு முடிவதற்குள் கிட்டார் சுருதி விலகிவிடுகிறது. ஒவ்வொரு டேக்குக்கு முன்பும் சேர்த்தே தீரவேண்டும். ஓர் அரை ஸ்வர இடைவெளியை நூறு பங்காக்கினால் ஐந்து பங்கு வரை விலகுவது தழைப்பைத் தரும். இருபது பங்கு விலகினால் அது சுருதி பேதம், வேறொன்றுமில்லை.

வேற்றுமையை வேண்டுமென்றே கூட்டுவதும் நல்ல வழக்கம். இரண்டாம் டேக்குக்கு வேறு கிட்டார் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் பிக்கை மாற்றலாம், மைக்கை ஒரு சாண் நகர்த்தலாம். ஜி கார்டையே ஐந்தாம் கட்டையில் கேப்போ என்னும் கவ்வியை இட்டு டி உருவில் வாசித்தால், அதே ஸ்வரங்கள் மேல் ஸ்தாயியில் வேறு அடுக்காக அமைந்து, முதல் டிராக்கின் இடைவெளிகளை நிரப்பும்; வீட்டுப் பதிவில் நான் கண்டவற்றுள் இதற்கு நிகரான உபாயம் வேறில்லை. டிஸ்டார்ஷன் இட்ட எலக்ட்ரிக் கிட்டாராயின், தனியே கேட்கும்போது போதுமென்று தோன்றும் அளவைவிடக் கெயினைக் குறைத்தே பதிய வேண்டும். இரண்டு டிராக்கின் கரகரப்பும் கூடும்போது வீச்சின் கூர்மை மழுங்கிவிடுவதே காரணம். பேஸ் கிட்டாரையும் பாடும் குரலையும் நடுவில் ஒற்றையாக நிறுத்துவது பெரும்பாலோர் கொள்கை. தூண் நடுவில் நின்றால்தான் இருபுறத் தாழ்வாரமும் தெரியும்.

இரட்டித்தல் நல்லதாயின் நான்காக்குதல் அதனினும் நல்லதன்றோ என்று கேட்பவர்களும் உண்டு. கடின ராக் இசையில் பக்கத்துக்கு இரண்டாக நாலு டிராக் பதிகிறார்கள். துல்லியமான கை உடையவர்களுக்கு அது பலிக்கிறது. பழகாத கையில் நாலாவது டிராக், கனத்தைக் கூட்டாமல் கலக்கத்தையே கூட்டும் என்பது என் அபிப்பிராயம். மறுமுறை வாசிக்காமலே இரட்டிக்கும் குறுக்குவழியும் ஒன்று உண்டு. ஒரே பாட்டை இரண்டு முறை பாடச் சலித்த பாடகர் ஜான் லெனனுக்காக, 1966 இல் லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர், இரண்டாவது டேப் இயந்திரத்தின் வேகத்தைச் சிறிது அசைத்து, ஒரே குரலை இரண்டாக்கும் யுக்தியைக் கண்டார். இன்றைய சாஃப்ட்வேர்களில் கிடைக்கும் டபுளர்களெல்லாம் அதன் வாரிசுகள். நேரத்தையும் சுருதியையும் இடைவிடாமல் அசைப்பதால், வெறும் நகலைவிட இவை எவ்வளவோ மேல். குரலுக்குச் சாயம் பூச இவை உதவும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கிட்டாரில் ஒவ்வொரு வீச்சும் ஆறு தந்தியின் தனிச் சம்பவம். டபுளரோ ஆறையும் சேர்த்தே அசைக்கிறது. அதனால் எழுவது விசாலத்தைவிட ஒருவகைத் தளும்பலாகவே என் காதுக்குப் படுகிறது.

கையாளாமல் விடவேண்டிய இடமும் உண்டு. கமகம் கொஞ்சும் தனி வாசிப்பை இரட்டித்தால், நெளிவுகள் ஒன்றோடொன்று மோதி இரண்டுமே மங்கும். ஒரு குரல், ஒரு கிட்டார் என்று அந்தரங்கமாகப் பாடவேண்டிய பாட்டுக்கு அகலம் சத்துருவே. எங்கள் குமாரர் பாட்டில் பல்லவியை மட்டும் இரட்டை டிராக்கில் விரித்து, சரணங்களை முதல் டேக் ஒன்றிலேயே விட்டோம். சரணம் முடிந்து பல்லவி திரும்பும்போது கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எங்கும் விரித்திருந்தால் அந்தத் திருப்பம் நேர்ந்திராது. முடித்தபின் அந்தப் பழைய கைப்பேசியில் ஒரு முறை போட்டுக் கேட்டோம். பஞ்சமமும் காந்தாரமும் இருந்தன.

வீட்டில் பதிவு செய்யும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கனம் தரும் என்று விளம்பரப்படுத்தப்படும் சாஃப்ட்வேரை வாங்குவதற்கு முன்னால், இவ்வட்டாரத்தில் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும் நாயனக்காரர்களிடம் போய், இரண்டாமவர் எப்போது சேருகிறார், எப்போது ஒதுங்குகிறார், மூச்சை எங்கே மாற்றி எடுக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொடை இல்லாத மாதங்களில் அவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். கேட்டால், வாசித்தே காட்டுவார்கள்.